ஆக்னஸ் மூர்ஹெட்

ஆக்னஸ் ராபர்ட்சன் மூர்ஹெட் (டிசம்பர் 6, 1900 – ஏப்ரல் 30, 1974) அமெரிக்க வானொலி, மேடை, திரைப்பட, தொலைக்காட்சி நடிகை ஆவார். ஆர்சன் வெல்ஸ் இயக்கிய "சிட்டிசன் கேன்", "த மேக்னிபிசென்ட் ஆம்பர்சன்ஸ்" ஆகிய திரைப்படங்கள், "சாரி, ராங் நம்பர்" என்னும் வானொலி நாடகம், "பிவிட்ச்ட்" என்னும் தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றில் நடித்தமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். சிறந்த துணை நடிகைக்கான அகாதமி விருதுக்கு (ஆஸ்கார்) நான்கு முறை பரிந்துரைக்கப்பட்ட இவர், ஒருமுறையும் அவ்விருதைப் பெறவில்லை.

ஏறத்தாழ 45 ஆண்டுகள் நீண்ட இவரது கலை வாழ்வில் கதாநாயகி வேடங்கள் மிகவும் அரிதாகவே அமைந்தன. தாய், அத்தை, பணிப்பெண், சிறை அதிகாரி, சூனியக்காரி முதலிய துணை வேடங்களிலேயே இவர் பெரும்பாலும் நடித்தார். ஆயினும் முகம் தெரியாத வானொலியில் இவர் முதன்மை நடிகையாகவே விளங்கினார். வானொலியில் பெற்ற குரற்பயிற்சியே திரையிலும் மேடையிலும் இவரது நடிப்புக்கு அடித்தளமாக இருந்தது.

இளமைக்காலம்

மூர்ஹெட் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கிளின்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜான் ஹென்டர்சன் மூர்ஹெட் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் போதகர். தாய் மில்ட்ரட் பாடகியாக இருந்தவர். திருமறை வாசகங்களை உரக்கப் படித்தலும் மனப்பாடமாக ஒப்பித்தலும் அன்றாட வழக்கமாயிருந்த வீட்டில் இவர் வளர்ந்தார். மூன்று வயதளவில் தந்தையின் தேவாலயத்தில் சபையார் முன் செபம் ஒப்பித்ததே இவரது முதல் மேடையேற்றம் ஆகும். 

பின்னர் குடும்பம் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் குடியேறியது. அந்நகரின் புகழ்பெற்ற திறந்தவெளி இசை நாடக அரங்கில் சேர்ந்திசைக் குழுவில் இவர் பங்கேற்றார். மகள் நடிகையாவதைத் தந்தை தடுக்கவில்லை. ஆயினும் முதலில் முறையான கல்வி வேண்டும் என்பது அவரது நிபந்தனையாக இருந்தது. அதன்படி ஒகையோ மாநிலத்தின் நியூ கான்கார்டில் உள்ள மஸ்கிங்கம் கல்லூரியில் உயிரியல் படித்து 1923 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அதன்பின் விஸ்கான்சின் மாநிலத்தில் சோல்ஜர்ஸ் குரோவ் என்னும் சிற்றூரின் பள்ளியில் சில ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றினார்.

ஆசிரியப் பணியில் சேர்த்த பணத்துடன் நியூயார்க் சென்று, அமெரிக்க நாடகக் கலைக் கழகத்தில் சேர்ந்தார். 1929 ஆம் ஆண்டில் சிறப்புத் தகுதியுடன் அங்குப் படிப்பை முடித்தார். அப்போது அவருக்கு வயது 28. நடிகையர் பலர் அந்த வயதுக்குள் புகழ் பெற்றுவிடுவர். தமது பிறந்த ஆண்டை 1906 என்றே அவர் நெடுங்காலம் கூறிவந்தார். இதனால் பழைய நூல்கள் சிலவற்றில் இந்த ஆண்டே காணப்படுகிறது.

வானொலி வாழ்வு

மூர்ஹெட் படிப்பை முடித்த அதே ஆண்டின் அக்டோபர் மாதத்தில் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ச்சியடைந்து, பெரும் பொருளாதார மந்தம் தொடங்கியது. நாடக அரங்குகள் பல மூடப்பட்டன. மேடையில் கிடைத்த சிறு வேடங்கள் வாழ்க்கைச் செலவுக்குப் போதவில்லை. உணவுக்கே திண்டாடிய நாட்களும் இருந்தன. அந்நிலையில் அவருக்குத் தொழில் தந்தது வானொலி ஆகும்.

அக்கால அமெரிக்க வானொலி நாடகங்கள் பெரும்பாலும் நேரடியாக ஒலிபரப்பப்பட்டன. பிழை நேர்ந்தால் திருத்திப் பதிவு செய்ய வழியில்லை. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் நேர வேறுபாடு இருந்ததால், ஒரே நாடகத்தை ஓரிரவில் இரு முறை நடிப்பதும் வழக்கம். ஆடை, ஒப்பனை, அழகு, வயது எதுவும் அங்குப் பொருட்டல்ல. குரலை மாற்றிப் பேசும் திறன் கொண்ட நடிகர் ஒரே நாளில் பல நிலையங்களுக்குச் சென்று வெவ்வேறு வேடங்களை ஏற்க முடிந்தது. குழந்தை முதல் கிழவி வரை எந்தக் குரலையும் தரவல்ல மூர்ஹெட்டுக்கு இச்சூழல் மிகவும் பொருந்தியது.

1930களின் நடுப்பகுதியில் "த கம்ப்ஸ்" என்னும் நகைச்சுவைத் தொடரில் குடும்பத் தலைவி வேடத்தில் நடித்தார். நாட்டு நடப்புகளை நாடகமாக்கி ஒலிபரப்பிய "த மார்ச் ஆஃப் டைம்" நிகழ்ச்சியில், அப்போதைய குடியரசுத் தலைவரின் மனைவி எலினோர் ரூசவெல்ட்டின் குரலில் பேசினார். 1937 ஆம் ஆண்டில் "த ஷேடோ" என்னும் துப்பறியும் தொடரில் நாயகனின் தோழியாக நடித்தார். அதில் நாயகனாக நடித்தவர் ஆர்சன் வெல்ஸ்.

வெல்ஸ் மூர்ஹெட்டைவிட ஏறத்தாழ 15 ஆண்டுகள் இளையவர். 1937 ஆம் ஆண்டில் ஜான் ஹவுஸ்மனுடன் சேர்ந்து மெர்க்குரி நாடகக் குழுவைத் தொடங்கியிருந்தார். அடுத்த ஆண்டு இக்குழு சி.பி.எஸ். வானொலியிலும் நாடகங்களை வழங்கத் தொடங்கியது. மூர்ஹெட் இக்குழுவின் முதன்மைக் கலைஞர்களுள் ஒருவரானார்.

1942 ஆம் ஆண்டில் தொடங்கிய "மேயர் ஆஃப் த டவுன்" தொடரில் லயனல் பாரிமோருடன் நடித்தார். அதில் நகரத் தலைவரின் வீட்டைப் பராமரிக்கும் மாரிலி என்னும் பெண்ணாக வந்தார். திரைப்படங்களில் நடிக்கத் தொடங்கிய பின்னரும் அவர் வானொலியைக் கைவிடவில்லை.

சாரி, ராங் நம்பர்

மூர்ஹெட்டின் வானொலி வாழ்வில் தலைசிறந்ததாகக் கருதப்படுவது "சாரி, ராங் நம்பர்" (மன்னிக்கவும், தவறான எண்) என்னும் அரைமணி நேர நாடகம் ஆகும். லூசில் பிளெச்சர் எழுதிய இந்நாடகம், சி.பி.எஸ். வானொலியின் "சஸ்பென்ஸ்" தொடரில் மே 25, 1943 அன்று முதன்முதலாக ஒலிபரப்பானது.

படுக்கையிலேயே காலம் கழிக்கும் நோயாளியான ஒரு பெண், இரவில் கணவனின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேச முயல்கிறாள். தொலைபேசி இணைப்பு மாறிவிட, இருவர் ஒரு கொலைக்குத் திட்டமிடுவது அவள் காதில் விழுகிறது. தொலைபேசி இணைப்பாளர், காவல்துறை என ஒவ்வொருவரிடமும் முறையிடுகிறாள். எவரும் பொருட்படுத்தவில்லை. கொல்லப்பட இருப்பவள் தானே என்பதை அவள் சிறிது சிறிதாக உணர்கிறாள்.

நாடகத்தின் முழுச்சுமையும் ஒரே குரலின் மீது அமைந்துள்ளது. அப்பெண் நல்லியல்பு கொண்டவளாகவும் படைக்கப்படவில்லை. எரிச்சலும் ஆணவமும் நிறைந்த அவள் குரல், அச்சமாகவும் கதறலாகவும் மாறும்போது கேட்போர் வெறுப்பிலிருந்து இரக்கத்துக்கு வந்துவிடுகின்றனர். இம்மாற்றத்தைச் சொற்களைவிட மூச்சின் வேகத்தாலும் குரலின் ஏற்றத்தாழ்வாலும் மூர்ஹெட் உணர்த்தினார்.

முதல் ஒலிபரப்பின் இறுதியில் நேர்ந்த சிறு தவறால் முடிவு என்ன என்பது நேயர்களுக்குத் தெளிவாகவில்லை. வரவேற்பு மிகுதியாக இருந்தமையால் சில மாதங்களிலேயே நாடகம் மீண்டும் ஒலிபரப்பானது. 1960 வரை மூர்ஹெட் இதே வேடத்தைச் "சஸ்பென்ஸ்" தொடரில் பலமுறை ஏற்றார். இது இசைத்தட்டாகவும் வெளிவந்தது. அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில், 2014 ஆம் ஆண்டுக்கான தெரிவுகளுள் ஒன்றாக 1943 ஒலிபரப்பு சேர்க்கப்பட்டது.

1948 ஆம் ஆண்டில் இந்நாடகம் அனட்டோல் லிட்வாக் இயக்கத்தில் திரைப்படமானது. ஆனால் ஐந்து ஆண்டுகளாக அவ்வேடத்துக்கு அடையாளமாக விளங்கிய மூர்ஹெட்டுக்குப் பதிலாக, பார்பரா ஸ்டான்விக் அதில் நடித்தார். ஸ்டான்விக் திரைப்பட உலகில் புகழ் பெற்ற கதாநாயகி. இப்படத்திற்காக அவர் சிறந்த நடிகைக்கான அகாதமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். வானொலியில் முதன்மை நடிகையாக இருந்தவருக்குத் திரையில் துணை வேடங்களே உரியவை என்று திரைப்பட நிறுவனங்கள் கருதியதற்கு இந்நிகழ்வு தெளிவான எடுத்துக்காட்டாகும்.

திரைப்படங்கள்

வெல்ஸுடன் தொடக்கம்

ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்காகத் திரைப்படம் எடுக்க ஹாலிவுட் சென்ற வெல்ஸ், மெர்க்குரி குழுவினரையும் தம்முடன் அழைத்துச் சென்றார். 1941 ஆம் ஆண்டில் வெளியான "சிட்டிசன் கேன்" மூர்ஹெட்டின் முதல் திரைப்படம் ஆகும். அப்போது அவருக்கு வயது 40. அதில் கதைத்தலைவன் சார்லஸ் கேனின் தாயாகச் சில நிமிடங்களே தோன்றினார். பனியில் விளையாடும் மகனைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே, அவனை ஒரு வங்கியாளரின் பொறுப்பில் ஒப்படைக்கும் ஆவணத்தில் அத்தாய் கையொப்பமிடுகிறாள். அழுகையோ உரத்த பேச்சோ இல்லாத இக்காட்சி, படத்தின் கதைக்கே அடிப்படையாக அமைந்தது.

அடுத்த ஆண்டு வெளியான "த மேக்னிபிசென்ட் ஆம்பர்சன்ஸ்" படத்தில், திருமணமாகாமல் அண்ணன் குடும்பத்தை அண்டி வாழும் ஃபேனி என்னும் அத்தையாக நடித்தார். தான் நெடுங்காலம் மனத்தில் விரும்பியவர் வேறொருத்தியை நாடுவதைக் கண்டு உள்ளுக்குள் புழுங்கும் பெண் அவள். சமையலறையில் மருமகன் உணவு உண்ண, ஃபேனி அருகில் அமர்ந்து பேச்சுக் கொடுக்கும் காட்சி, ஒளிப்படக்கருவி பெரும்பாலும் அசையாமல் நிற்க நீண்ட ஒரே பதிவாக எடுக்கப்பட்டது. செல்வம் அனைத்தையும் இழந்தபின் அணைந்துபோன கொதிகலனில் சாய்ந்து அவள் உடைந்தழும் காட்சி, அமெரிக்கத் திரைப்பட நடிப்பின் சிறந்த காட்சிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இப்படம் வெல்ஸ் எடுத்த வடிவில் வெளிவரவில்லை. மார்ச் 1942 இல் கலிபோர்னியாவின் பொமோனா நகரில் நடந்த முன்னோட்டக் காட்சியில் பார்வையாளர் பலர் படத்தை விரும்பவில்லை. மூர்ஹெட்டின் உணர்ச்சி மிகுந்த காட்சிகளில் சிலர் சிரிக்கவும் செய்தனர். வெல்ஸ் அப்போது வேறொரு படப்பிடிப்புக்காகப் பிரேசிலில் இருந்தார். நிறுவனம் 40 நிமிடங்களுக்கும் மேற்பட்ட பகுதிகளை நீக்கி, 88 நிமிடப் படமாக அதைச் சுருக்கியது.

வெல்ஸ் எடுத்த இறுதிக் காட்சியும் இவ்வாறு நீக்கப்பட்டது. அதில் வாடகை விடுதி ஒன்றில் வாழும் முதிய ஃபேனியை, அவள் ஒருகாலத்தில் விரும்பிய யூஜின் (ஜோசப் காட்டன்) வந்து பார்க்கிறான். இருவருக்குமிடையே பேச எதுவும் மிஞ்சவில்லை. இக்காட்சிக்குப் பதிலாக, அதே இருவரும் மருத்துவமனையில் ஆறுதலாக உரையாடும் காட்சி ஒன்று வேறொருவர் இயக்கத்தில் எடுக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டது. நீக்கப்பட்ட படச்சுருள்கள் பின்னர் அழிக்கப்பட்டன. படத்தின் முத்தாய்ப்பாக வெல்ஸ் கருதிய காட்சியில் மூர்ஹெட் எவ்வாறு நடித்திருந்தார் என்பதை அதனால் இன்று எவரும் காண இயலாது.

எஞ்சிய பகுதியே மூர்ஹெட்டின் திறனை நிலைநாட்டப் போதுமானதாக இருந்தது. நியூயார்க் திரைப்பட விமர்சகர் வட்டம், 1942 ஆம் ஆண்டின் சிறந்த நடிகையாக அவரைத் தேர்ந்தெடுத்தது. துணை நடிகைக்கான பிரிவில் வழங்கப்பட்ட விருதன்று அது என்பது குறிப்பிடத்தக்கது. அகாதமி விருதுக்கு அவர் துணை நடிகைப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார்.

பிற படங்கள்

அதன்பின் ஹாலிவுட்டின் பெரும் நிறுவனங்கள் பலவற்றின் படங்களில் மூர்ஹெட் தொடர்ந்து நடித்தார். "ஜேன் அயர்" படத்தில் அநாதைச் சிறுமியைத் துன்புறுத்தும் உறவினராகவும், "மிசஸ் பார்க்கிங்டன்" (1944) படத்தில் பிரெஞ்சுப் பிரபு குலப் பெண்ணாகவும் நடித்தார். பின்னைய படம் அவருக்குக் கோல்டன் குளோப் விருதையும் இரண்டாவது அகாதமி பரிந்துரையையும் பெற்றுத் தந்தது. 46 வயதில் "த லாஸ்ட் மொமென்ட்" (1947) படத்தில் 105 வயது மூதாட்டியாகத் தோன்றினார். அதே ஆண்டில் வெளியான "டார்க் பாசேஜ்" படத்தில் பொறாமையால் கொலையும் செய்யத் துணியும் பெண்ணாக நடித்தார்.

"ஜானி பெலிண்டா" (1948) படத்தில் காது கேளாத, வாய் பேசாத பெண்ணின் அத்தையாக நடித்து மூன்றாம் முறை பரிந்துரைக்கப்பட்டார். அதே 1948 ஆம் ஆண்டில் அகாதமி விருது வழங்கும் விழாவை டிக் பவலுடன் சேர்ந்து தொகுத்து வழங்கினார். "கேஜ்ட்" (1950) படத்தில் கைதிகளின் நலனுக்காகப் போராடித் தோற்கும் பெண்கள் சிறைக் கண்காணிப்பாளராக நடித்தார். "ஷோ போட்" (1951), "ஆல் தட் ஹெவன் அலவ்ஸ்" (1955) ஆகியவையும் அவர் நடித்த குறிப்பிடத்தக்க படங்கள்.

ஆசியப் பாத்திரங்களில் வெள்ளையரே ஒப்பனையிட்டு நடிக்கும் அக்கால வழக்கத்துக்கு மூர்ஹெட்டும் விலக்கல்ல. "டிராகன் சீட்" (1944) படத்தில் சீனப் பெண்ணாகவும், "த காங்கரர்" (1956) படத்தில் செங்கிஸ்கானின் தாயாகவும் அவர் நடித்துள்ளார். இவ்வழக்கம் பிற்காலத்தில் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது.

"ஹஷ்... ஹஷ், ஸ்வீட் ஷார்லட்" (1964) படத்தில் பெட்டி டேவிஸ் ஏற்ற கதைத்தலைவியிடம் பற்றுக்கொண்ட பணிப்பெண்ணாக நடித்து, இரண்டாவது கோல்டன் குளோப் விருதைப் பெற்றார். நான்காவதும் இறுதியுமான அகாதமி பரிந்துரையும் இப்படத்திற்காகவே கிடைத்தது.

மேடை நாடகங்கள்

1951 ஆம் ஆண்டில் பெர்னார்ட் ஷாவின் "மேன் அண்ட் சூப்பர்மேன்" நாடகத்தின் ஒரு பகுதியான "டான் ஹுவான் இன் ஹெல்" மேடையேறியது. இதனைச் சார்லஸ் லாட்டன் இயக்கினார். லாட்டன், சார்லஸ் பாயர், செட்ரிக் ஹார்ட்விக் ஆகியோருடன் ஒரே பெண் பாத்திரமான டோன்யா ஆனாவாக மூர்ஹெட் நடித்தார். காட்சியமைப்பு எதுவும் இல்லை. மாலைநேர விருந்துக்குரிய உடையில் நால்வரும் உயர இருக்கைகளில் அமர்ந்து, எதிரே நூல்தாங்கியும் ஒலிவாங்கியும் வைத்து, நாடகத்தை வாசிப்பது போல் நடித்தனர். வானொலி நிலையத்தின் நடிப்பு முறையே மேடைக்கு வந்தது எனலாம். இந்நாடகம் நாடு முழுவதும் பயணம் செய்து பெரும் வெற்றி பெற்றது.

இதனைத் தயாரித்த பால் கிரெகரியின் ஏற்பாட்டில், 1954 முதல் மூர்ஹெட் தனிநபர் நிகழ்ச்சி ஒன்றையும் நடத்தினார். திருமறைப் பகுதிகள், இலக்கியப் பகுதிகள், நகைச்சுவை ஆகியவற்றைத் தாம் ஒருவராகவே நடித்துக் காட்டினார். படப்பிடிப்புகளுக்கு இடையே பல ஆண்டுகள் இந்நிகழ்ச்சியுடன் ஊர் ஊராகச் சென்றார்.

தொலைக்காட்சி

ஜனவரி 1961 இல் ஒளிபரப்பான "த ட்விலைட் சோன்" தொடரின் "த இன்வேடர்ஸ்" என்னும் பகுதி மூர்ஹெட்டின் நடிப்புக்கு வேறொரு வகையில் சான்றாகும். தனிமையான பண்ணை வீட்டில் வாழும் ஏழைப் பெண் ஒருத்தியை, சிறு விண்கலத்தில் வந்திறங்கும் மிகச்சிறிய உருவங்கள் தாக்குகின்றன. இதில் அப்பெண்ணுக்கு ஒரு சொல் கூட உரையாடல் இல்லை. குரலால் புகழ்பெற்ற நடிகை, முனகலும் மூச்சும் உடலசைவும் மட்டுமே கொண்டு ஏறத்தாழ 25 நிமிடக் கதையைத் தனியாக நடத்திச் சென்றார். வந்திறங்கியவர்கள் புவியிலிருந்து வந்த மனிதர்கள் என்பது கதையின் முடிவில் தெரியவருகிறது.

செப்டம்பர் 1964 இல் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் "பிவிட்ச்ட்" நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. சாதாரண மனிதன் ஒருவனை மணந்து, தன் மந்திர ஆற்றலை மறைத்து வாழ முயலும் சமந்தா என்னும் சூனியக்காரியின் கதை இது. சமந்தாவாக எலிசபெத் மான்ட்கோமரியும், மருமகனை ஏற்க மறுக்கும் அவளது தாய் என்டோராவாக மூர்ஹெட்டும் நடித்தனர். மருமகனின் பெயரை வேண்டுமென்றே தவறாக அழைப்பது என்டோராவின் வழக்கம். முதல் பருவத்திலேயே அமெரிக்காவில் மிகுதியானோர் பார்த்த தொடர்களின் வரிசையில் இது இரண்டாம் இடம் பிடித்தது. மார்ச் 1972 வரை 254 பகுதிகள் ஒளிபரப்பாயின.

தொடங்கியபோது மூர்ஹெட்டுக்கு வயது 63. மேடை, திரைப்படப் பணிகளுக்கு நேரம் வேண்டும் என்பதால் எல்லாப் பகுதிகளிலும் அவர் தோன்றவில்லை. இத்தொடரால் மட்டுமே தாம் நினைவுகூரப்படுவதையும் அவர் விரும்பவில்லை. எனினும் முந்தைய 35 ஆண்டு உழைப்பு தராத அளவுக்கு இவ்வேடம் அவரது முகத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. இவ்வேடத்திற்காக ஆறு முறை எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். ஆனால் 1967 ஆம் ஆண்டில் அவர் பெற்ற எம்மி விருது, "த வைல்ட் வைல்ட் வெஸ்ட்" தொடரில் ஒரே பகுதியில் ஏற்ற கௌரவ வேடத்திற்காக வழங்கப்பட்டதாகும்.

தனி வாழ்க்கை

மூர்ஹெட் 1930 ஆம் ஆண்டில் ஜாக் லீ என்னும் நடிகரை மணந்து 1952 ஆம் ஆண்டில் மணமுறிவு பெற்றார். 1954 ஆம் ஆண்டில் நடிகர் ராபர்ட் கிஸ்டை மணந்தார். இத்திருமணமும் 1958 ஆம் ஆண்டில் முடிவுற்றது. இறுதிவரை ஆழ்ந்த சமயப் பற்றுடையவராக இருந்தார். இளம் ஊதா நிறத்தின் மீது அவர் கொண்டிருந்த விருப்பம் திரையுலகில் பலரும் அறிந்ததாகும்.

இறுதிக்காலம்

1973 ஆம் ஆண்டில் "டான் ஹுவான் இன் ஹெல்" நாடகம் மீண்டும் மேடையேற்றப்பட்டபோது, அதே வேடத்தை மூர்ஹெட் மறுபடியும் ஏற்றார். அதே ஆண்டில் "ஷார்லட்ஸ் வெப்" என்னும் அசைவூட்டப் படத்தில் வாத்துப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார். ஆண்டின் இறுதியில் பிராட்வேயில் "ஜிஜி" இசை நாடகத்தில் நடிக்கத் தொடங்கினார். உடல்நலம் குன்றியதால் இடையிலேயே விலக நேர்ந்தது.

தொலைக்காட்சியின் வரவால் அமெரிக்காவில் வானொலி நாடகங்கள் ஏறத்தாழ மறைந்துவிட்டிருந்தன. அவற்றை மீட்கும் முயற்சியாக "சி.பி.எஸ். ரேடியோ மிஸ்டரி தியேட்டர்" என்னும் தொடர் ஜனவரி 6, 1974 அன்று தொடங்கியது. அதன் முதல் நாடகத்தின் முதன்மைப் பாத்திரத்தில் மூர்ஹெட் நடித்தார். கலை வாழ்வைத் தொடங்கிவைத்த வானொலியிலேயே அவரது இறுதிப் பணிகளுள் ஒன்றும் அமைந்தது. நான்கு மாதங்களுக்குள், ஏப்ரல் 30, 1974 அன்று, மினசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் கருப்பைப் புற்றுநோயால் காலமானார். ஒகையோவின் டேட்டன் நகரில் அடக்கம் செய்யப்பட்டார்.

த காங்கரர் படப்பிடிப்பும் புற்றுநோயும்

"த காங்கரர்" படத்தின் வெளிப்புறக் காட்சிகள் 1954 ஆம் ஆண்டில் யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜ் நகருக்கு அருகில் படமாக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டில் நெவாடா சோதனைக் களத்தில் 11 அணுவெடிச் சோதனைகள் நடத்தப்பட்டிருந்தன. கதிரியக்கத் துகள்கள் காற்றில் பரவி இப்பகுதியில் படிந்தன. மேலும், அங்கிருந்து பெருமளவு மண் ஹாலிவுட் படப்பிடிப்புத் தளத்துக்கும் கொண்டுசெல்லப்பட்டது.

இயக்குநர் டிக் பவல், நடிகர்கள் ஜான் வெய்ன், சூசன் ஹேவர்ட், மூர்ஹெட் ஆகியோர் பின்னர் புற்றுநோயால் இறந்தனர். படக்குழுவின் ஏறத்தாழ 220 பேரில் 91 பேருக்குப் புற்றுநோய் ஏற்பட்டதாக 1980 ஆம் ஆண்டில் "பீப்பிள்" இதழ் செய்தி வெளியிட்டது. படக்குழுவில் புகைப்பழக்கம் உடையோர் பலர் இருந்தமையாலும், புற்றுநோய் பொதுவாகவே பரவலாகக் காணப்படும் நோய் என்பதாலும், தனிப்பட்ட ஒருவரின் நோய்க்கு இப்படப்பிடிப்பே காரணம் என உறுதி செய்ய இயலாது. மூர்ஹெட்டின் நோய்க்கும் இது பொருந்தும்.

விருதுகளும் சிறப்புகளும்

அகாதமி விருதுப் பரிந்துரைகள் (சிறந்த துணை நடிகை):
- 1942 – த மேக்னிபிசென்ட் ஆம்பர்சன்ஸ் (விருது பெற்றவர்: தெரசா ரைட்)
- 1944 – மிசஸ் பார்க்கிங்டன் (விருது பெற்றவர்: எத்தல் பாரிமோர்)
- 1948 – ஜானி பெலிண்டா (விருது பெற்றவர்: கிளேர் ட்ரெவர்)
- 1964 – ஹஷ்... ஹஷ், ஸ்வீட் ஷார்லட் (விருது பெற்றவர்: லீலா கெட்ரோவா)

பெற்ற விருதுகள்:
- நியூயார்க் திரைப்பட விமர்சகர் வட்டம், சிறந்த நடிகை – த மேக்னிபிசென்ட் ஆம்பர்சன்ஸ்
- கோல்டன் குளோப், சிறந்த துணை நடிகை – மிசஸ் பார்க்கிங்டன்
- கோல்டன் குளோப், சிறந்த துணை நடிகை – ஹஷ்... ஹஷ், ஸ்வீட் ஷார்லட்
- எம்மி விருது – த வைல்ட் வைல்ட் வெஸ்ட்

ஹாலிவுட் புகழ் நடைபாதையில் மூர்ஹெட்டின் பெயர் பொறித்த விண்மீன் பதிக்கப்பட்டுள்ளது. அவர் வளர்ந்த செயின்ட் லூயிஸ் நகரின் புகழ் நடைபாதையிலும் 1994 ஆம் ஆண்டில் அவரது பெயர் இடம்பெற்றது.